ஊரே எடை போட்டிருக்கும்போது நான் மட்டும் எப்படிக் குறைப்பது?

கரூர் மாவட்டத்திலிருந்து 39 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அறுநூறு பேர் வேலை பார்க்கும் இடம். காலை எட்டேகாலுக்குக் கம்பெனி பஸ், வீடு திரும்ப ராத்திரி ஏழரை. போன மாதம் கம்பெனிக்குள் நடந்த மருத்துவ முகாமில் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ, இடுப்பு 94 செ.மீ., ரத்த அழுத்தம் 136/88, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6.1, ஹீமோகுளோபின் 9.8. கீழே 'உடல் பருமன்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு. "அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது சத்தமாகப் படித்தார்கள், டாக்டர். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை" என்கிறார்.

கோவையில் இருக்கும் தோழி வாரம் ஒரு ஊசி போட்டு 11 கிலோ குறைத்துவிட்டாராம். மீதமிருக்கும் ஊசிப் பேனாவைத் தருகிறேன் என்கிறாராம். பக்கத்துத் தெருவில் ஒரு 'நியூட்ரிஷன் கிளப்': மாதம் 7,000 ரூபாய்க்குப் பவுடர், மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் விலையில் தள்ளுபடி. கணவரோ "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் பூசினாப்ல உடம்பு, அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்கிறார். அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு 13 வயது, 150 செ.மீ. உயரம், 58 கிலோ. வகுப்பில் அவன் பெயர் 'பூசணி'. பி.டி. பீரியடில் வயிற்று வலி என்று உட்கார்ந்துவிடுகிறான். கழுத்தில் கருப்பாக அழுக்கு சேருகிறது, எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.

கடிதத்தின் கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன்: "டி.வி.யில் எண்ணெயைக் குறை என்கிறார்கள், நட என்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் செய்யாமல் இருக்கிறேன் என்றால் என் சோம்பேறித்தனம்தானே காரணம்? 30-க்கு மேல் போனால்தான் ஒபிசிட்டி என்று படித்தேன், எனக்கு 29.9 என்று போட்டிருக்கிறார்கள். நான் 50 கிலோவுக்கு வர எந்த வழி நல்ல வழி?"

அன்புள்ள சகோதரி,

எடையை ஊர் கேட்க வாசித்தது தவறு. இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். எடை மெஷினுக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே வராமல் போனவர்கள் எத்தனையோ பேர். ஏழெட்டு வருடம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வருவார்கள். அடுத்த முகாமில் "எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்கலாம், அது உங்கள் உரிமை. சூப்பர்வைசர் நீங்களே கேட்டால் உங்கள் பின்னால் நிற்கும் பெண்களுக்கும் தைரியம் வரும்.

சீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

நீங்கள் சொல்லும் 30-உம் 29.9-உம் பி.எம்.ஐ. எண்கள், அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. அந்த 30 என்ற எல்லைக்கோடு ஐரோப்பிய உடல்களை வைத்துப் போட்டது. நம் உடலுக்கு அது பொருந்தவில்லை. இந்திய மருத்துவர்கள் 2009-லேயே கூடி, 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து பருமன் என்று கணக்கை மாற்றிக்கொண்டார்கள். ஏன் என்று புரிய ஒரு கதை சொல்கிறேன். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்களையே அளந்து 'லான்செட்' இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒரே எடைதான், உள்ளே இருக்கிற சரக்கு வேறு. நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் வயிற்றில்தான் சேர்கிறது. அதனால் 29.9-ஐ விட உங்கள் சீட்டில் நான் முதலில் பார்த்தது இடுப்பளவு 94-ஐத்தான். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் வேண்டும்.

இதைப் படித்ததும் பயந்துவிடாதீர்கள். அதே சீட்டில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு எண் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.8. உங்களுக்கு ரத்தசோகை. உடம்பு பெருத்தவருக்கு எப்படி ரத்தக் குறைவு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இது சர்வசாதாரணம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. பல உடல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். ஆகவே 6.1 என்பதை அப்படியே நம்பி 'சர்க்கரை வரப்போகிறது' என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை பாருங்கள். கூடவே தைராய்டு, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகள். மாதவிடாயில் அதிகம் போகிறது என்று ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது ஓரமாக எழுத வேண்டிய விஷயம் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஒரு ஸ்கேன் எடுங்கள். ரத்தம் 9.8-இல் இருந்தால் மாடி ஏறவே மூச்சு வாங்கும், அப்புறம் எங்கே நடப்பது? அதைச் சோம்பேறித்தனம் என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் இந்தப் பரிசோதனைகளை அங்கேயே கேளுங்கள். மாதாமாதம் நீங்கள் கட்டும் பணம் அது. ரத்த அழுத்தத்தை மட்டும் அவசரப்பட்டுத் தீர்மானிக்க வேண்டாம். அறுபது பேர் முன்னால் நிற்கும்போது எடுத்த 136/88 எனக்குப் போதாது. அமைதியாக உட்கார்ந்து, வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சோம்பேறித்தனம்தானா?

அதே கணக்கெடுப்பின் முந்தைய சுற்று 2015–16-இல் நடந்தது. அப்போது தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 30.9 சதவீதம். அடுத்த சுற்றில் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37-க்குப் போனார்கள். நாடு முழுவதும் பார்த்தால் பெண்கள் 20.6-லிருந்து 24, ஆண்கள் 18.9-லிருந்து 22.9. இது 25-க்கு மேல் இருப்பவர்கள் கணக்கு மட்டும்தான், 23 என்று வைத்தால் இன்னும் ஏறும். நாலைந்து வருடத்தில் பத்துப் பெண்களில் ஒருவர் புதிதாகச் சோம்பேறி ஆகிவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? மனிதர்களின் மன உறுதி அவ்வளவு வேகமாகக் கரையாது. கரைந்தது வேறு: நடந்து போன தூரம், வீட்டில் சமைக்கிற நேரம், தூக்கம். வந்து சேர்ந்தது, பத்து ரூபாய்க்குத் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் தொங்கும் பாக்கெட்.

நம் ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம், பெரும்பாலான அட்டைகளுக்கு 20 கிலோ வரை. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். இந்தத் திட்டம் பசியைத் துரத்தியது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: அரிசி இருபது கிலோ, பருப்பு ஒரே ஒரு கிலோ. குறைந்த பணத்தில் வயிற்றை நிறைக்க வேண்டிய குடும்பம் எதை அதிகம் சாப்பிடும்? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நாடு முழுக்க நடத்திய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில், இந்தியர்களின் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. பருப்புப் பங்கைக் கூட்டச் சொல்லி யாரும் ஊர்வலம் போவதில்லை. போனால் நான் முதல் ஆளாக வருவேன்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. அந்த வழியில்தான் உங்களைப் போன்ற தொழிலாளர்களுக்குக் கம்பெனிக்குள்ளேயே முகாம் வந்தது. 2023 நவம்பரில் 38 மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்றார்கள். நல்லதுதான். ஆனால் விடியற்காலையில் எட்டுக் கிலோமீட்டர் நடக்கிறவர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர், அல்லது வீட்டில் இன்னொருவர் சமைக்கிற ஆள். எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கு அடுப்பு பற்ற வைக்கும் உங்களுக்கு அந்தப் பாதையைவிட, பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கும், வண்டி நிறுத்தாத ஒரு நடைமேடையும் போதும். அதை இன்னும் யாரும் சுகாதாரத் திட்டம் என்று எண்ணவில்லை.

வரியும் இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. 2025 செப்டம்பர் மாற்றத்தில் குளிர்பானத்துக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வரி சர்க்கரையின் அளவைப் பார்த்துப் போட்டதல்ல. சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் அதேதான். அப்படியானால் கம்பெனி எதற்குச் சர்க்கரையைக் குறைக்கும்? அதே மாற்றத்தில் பிஸ்கட், சாக்லேட் வரி 18-லிருந்து 5-க்கும், மிக்சர் வகையறா 12-லிருந்து 5-க்கும் இறங்கின. ஒரு பக்கம் பிரதமர் 'மன் கீ பாத்'தில் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்கிறார், மறுபக்கம் எண்ணெயில் பொரித்த பாக்கெட்டுக்கு வரி குறைகிறது. பக்கத்துக் கேரளம் 2016-இல் பர்கர், பீட்சா விற்கும் பெரிய கடைகளுக்கு 14.5 சதவீத 'கொழுப்பு வரி' போட்டது. மறு வருடம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது காணாமல் போனது.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், மெக்சிகோ 2014-இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பேசோ வரி போட்டது. முதல் வருடம் விற்பனை சுமார் 5.5 சதவீதமும் இரண்டாம் வருடம் 9.7 சதவீதமும் குறைந்தன. சிலி 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கருப்பு எண்கோண முத்திரை குத்த வைத்தது. பள்ளியில் அவற்றை விற்கத் தடை, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு. ஒன்றரை வருடத்தில் அப்படி முத்திரை விழுந்த பானங்களை வாங்குவது கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. இதனாலேயே அந்த நாட்டு மக்கள் மெலிந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்குவது மாறும், எடை மாறப் பல வருடம் ஆகும். ஆனால் அங்கே 'நீ கட்டுப்பாடாக இரு' என்று தாய்மாரிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை.

சரி, சட்டமும் வரியும் மாறும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது. அதனால் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஊசியும் பவுடரும்

தோழி போடும் ஊசி ஏமாற்று வேலை இல்லை. செமாகுளுடைடு என்ற மருந்தில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது, டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியில் அதைவிடக் கூடுதல். இரண்டும் 2025-இல் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. பி.எம்.ஐ. 30 இருப்பவர்களுக்கும், 27 இருந்து கூடவே சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்களுக்கும் தரலாம் என்பது விதி. மறுபரிசோதனையில் சர்க்கரையோ பிரஷரோ உறுதியானால் நீங்கள் அந்த வரம்புக்குள் வருவீர்கள். ஆகவே 'வேண்டவே வேண்டாம்' என்று நான் மிரட்டப் போவதில்லை.

ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று தோழியிடம் கேளுங்கள். செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதனால் இது பல வருடத்துக்கான செலவு என்று எண்ணித்தான் ஆரம்பிக்க வேண்டும். புரதம் போதாமல் சாப்பிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். உங்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை, பசியும் அடங்கிவிட்டால் நிலைமை மோசமாகும். வாந்தி, மலச்சிக்கல், சிலருக்குப் பித்தப்பைக் கல். கணையம் வீங்கிய வரலாறு இருந்தாலோ, குடும்பத்தில் குறிப்பிட்ட ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ கூடாது. கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் டிர்செபடைடு போட்டால் மாத்திரையின் பலன் குறையலாம். நீங்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டீர்களா என்று எழுதவில்லை. பார்க்கப்போகும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் கருத்து: ரத்தசோகையைச் சரி செய்து, ஆறு மாதம் மற்ற வழியை முயன்று, அதற்குப் பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம். தோழியின் மீதிப் பேனாவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். ஊசி முனையை மாற்றினாலும் ஒருவர் போட்ட பேனாவை இன்னொருவர் போடக்கூடாது, ரத்தம் வழியாகத் தொற்று வரும்.

பவுடர் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. கண் மஞ்சளாகி, கல்லீரல் வீங்கி என்னிடம் வந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து மூன்று டப்பா எடுத்து வைத்தார். அவற்றில் என்னென்ன கலந்திருந்தன என்று கடைசிவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. "கவர்மென்ட் லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 14 இலக்க எண் உணவு வியாபாரம் செய்யத் தரும் அனுமதி. அரிசி மாவு விற்பவரும் அதே எண்ணைத்தான் போடுகிறார். எடை குறையும் என்று அரசு சான்று கொடுத்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. மருந்து என்று சொல்லிப் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது, அதன் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. உணவு என்று சொன்னால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மூன்று பேரைச் சேர்த்துவிடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். நாளைக்கு அவர்கள் வந்து கேட்கப்போவது உங்கள் வீட்டு வாசலில்.

50 கிலோ எதற்கு?

கல்யாணத்தின்போது இருந்த எடையைத்தான் எல்லோரும் இலக்கு வைக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். 71 கிலோவில் ஏழு சதவீதம், அதாவது ஐந்து கிலோ, ஆறேழு மாதத்தில் குறைந்தால் நான் மகிழ்ச்சியடைவேன். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் ஏழு சதவீத எடைக் குறைப்பை இலக்காக வைத்து, வாரம் 150 நிமிட நடையையும் சேர்த்ததில், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரையின் எல்லையில் நின்ற 531 பேர், மூன்று வருடம். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை! மெஷின் முள் நகராத வாரத்திலும் உள்ளே நல்லது நடக்கும் என்று நோயாளிகளிடம் நான் தைரியமாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

உங்கள் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு வருடமாக ராத்திரி அரிசியை நிறுத்தி மூன்று சப்பாத்தி, குருமா. எடை குறையவில்லை என்று வருத்தம். குறையாது. முன்பு சொன்ன ஐ.சி.எம்.ஆர். ஆய்விலேயே, வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையையோ சிறுதானிய மாவையோ மாற்றி வைப்பதால் மட்டும் சர்க்கரை அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்து குறைந்து அந்த இடத்தில் புரதம் வந்தால்தான் பலன். ஆகவே பிடித்த சோற்றையே சாப்பிடுங்கள், ஒரு கரண்டி குறைத்து. பொரியலை இரண்டு மடங்காக்குங்கள். தட்டில் ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடிப் பயறோ, மீனோ கட்டாயம் இருக்கட்டும். முருங்கைக்கீரை உங்கள் ஊரில் வேலியோரம் கிடைக்கும், ரத்தத்துக்கும் ஆகும்.

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் என்கிறீர்கள். தலைக்கு ஒன்றேகால் லிட்டர், ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டா இந்தக் கணக்கில் இல்லை. நாலு லிட்டர் வாங்கிக் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். மாதம் முடியும் வரை வேறு வாங்காதீர்கள். நாலு டீயில் எட்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாற்பது கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. சர்க்கரையைப் பாதியாக்க மூன்று வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகிவிடும்.

நடையை உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மகனோடு பதினைந்து நிமிடம். நடந்தால் எடை தானாக இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். எட்டுக் கிலோமீட்டர் நடந்து செலவழிப்பதை இரண்டு பரோட்டாவும் சால்னாவும் திருப்பித் தந்துவிடும். நடப்பது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தூக்கத்துக்கும். எடைக்கு வழி தட்டில்தான்.

அப்புறம் உங்கள் கம்பெனி கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி இருக்க வேண்டும் என்றும் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே வழி செய்திருந்தார்கள். உங்கள் கம்பெனியில் அந்தக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நாலு மணி டீயில் சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொல்லலாம், வடைக்குப் பதில் வாரம் மூன்று நாள் சுண்டல் கேட்கலாம். முதலாளிக்குச் செலவு பெரிதாகக் கூடாது. அறுநூறு பேருக்கு ஒரே நாளில் நடக்கும் மாற்றம் இது. என் கிளினிக்கில் ஒரு வருடத்துக்கு நான் சொல்லும் அறிவுரை அத்தனையும் இதற்கு ஈடாகாது.

மகன்

இவனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கழுத்தின் பின்னால் இருப்பது அழுக்கு இல்லை அம்மா. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் அப்படிக் கறுத்துத் தடிக்கும். இன்றிலிருந்து தேய்க்காதீர்கள், தோல்தான் புண்ணாகும். குழந்தை நல மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் சர்க்கரை, கல்லீரல், பிரஷர் பாருங்கள். பெரியவர்களின் பி.எம்.ஐ. கணக்கை அவனுக்குப் போடக்கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தில் வயதையும் வைத்துப் பார்ப்பார்கள்.

உங்களோடு சேர்த்து அவனையும் டயட்டில் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வளரும் பிள்ளையின் எடையைக் குறைக்க அவசரம் இல்லை. ஒரு வருடம் எடை அப்படியே நின்று உயரம் ஏறினால் போதும். தட்டை மாற்றும்போது வீட்டில் எல்லோருக்கும் மாற்றுங்கள், அவனுக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் அது தண்டனையாகிவிடும். வாராவாரம் மெஷினில் ஏற்றி நிறுத்தாதீர்கள். பள்ளியில் சத்துணவு சாப்பிட வெட்கப்பட்டு எதிர்க்கடையில் பப்ஸ் வாங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஐந்து நாளும் முட்டை தருகிற சாப்பாடு அது. அந்தப் பப்ஸைவிட எவ்வளவோ மேல் என்று அவன் அப்பா சொன்னால் கேட்பான்.

அந்த எதிர்க்கடை விஷயத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கான 2020 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கொழுப்போ உப்போ சர்க்கரையோ அதிகமுள்ள உணவைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. இதை நடைமுறைப்படுத்த வேண்டியவர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர். தனி ஆளாகப் புகார் கொடுத்தால் கடைக்காரரோடு மனஸ்தாபம்தான் மிஞ்சும். அவரும் பிழைப்புக்காக வைத்திருக்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கடலை மிட்டாய், வெள்ளரிக்காய், கொய்யா, சுண்டல் விற்கச் சொல்லிக் கடைக்காரரிடமே முதலில் கேட்டுப் பார்க்கலாம். அதே கூட்டத்தில் 'பூசணி' பற்றியும் சொல்லுங்கள். பி.டி. ஆசிரியரிடம், ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வர வைக்காமல் அவனுக்கு வருகிற ஒரு விளையாட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். பாரம் உள்ள பையன்கள் குண்டு எறிவதிலும் கபடியிலும் நன்றாக வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் கணவர். குடும்பத்தில் எல்லோருக்கும் பூசினாற்போல் உடம்பு என்கிறார். அவருடைய அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். உடல்வாகு பரம்பரையாக வருவது உண்மைதான், கூடவே இதுவும் வருகிறது. ஆண்களுக்கு இடுப்பளவின் எல்லை 90 செ.மீ. டெய்லர் டேப்பைத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்டபின் சுற்றி அளக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதும்போது உங்கள் ஹீமோகுளோபினோடு அவருடைய இடுப்பளவையும் சேர்த்து எழுதுங்கள்.